உட்கார முடியாத இருவர்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் பாதி சீட்டு காலி. ஆனாலும் சுகன்யா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்சம் தள்ளி இன்னொருவனும் நின்றான்... அவள் கையிலிருந்ததைப் போலவே அவனிடமும் பெரிய ஸ்கேன் கவர்.

"இவ்ளோ எடம் கெடக்குது... நிக்கணும்னு வேண்டுதலா?" என்றார் கண்டக்டர்.

"உக்காந்தா இடுப்பு புடிச்சுக்குதுங்க."

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வெளியே தூறல். அவன் கண்ணில் சிரிப்பு... பாவி, என்ன கண்ணு இது என்று நினைத்துக்கொண்டாள்.

"கபடியா?" என்றான், அவள் பையிலிருந்த டீம் பேரைப் பார்த்து.

"ரெய்டர். நீங்க?"

"கலைச்செல்வன். சிமெண்ட் ஆலை டீம்ல பௌலிங்."

ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கமில்லை. இடுப்பு மூட்டில் எலும்பு முட்டுகிறது, செதுக்காவிட்டால் நாற்பதுக்குள் மூட்டு தேய்ந்துவிடும் என்று பெரம்பலூர் டாக்டர் திங்கட்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார். செதுக்கினால் தேயாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, மூன்று மாதம் பயிற்சி செய்து பார் என்கிறார் அரியலூர் டாக்டர். தப்பாக முடிவெடுத்தால் கபடி போச்சு. கபடி இல்லாமல் சுகன்யா ஏது? அவனுக்கும் அதே மூட்டுக் கோளாறு, அதே இரண்டு டாக்டர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"நீங்க யார் சொன்னதக் கேட்டீங்க?"

"ரெண்டு பேரும் சொன்னத. வலது பக்கம் ஆபரேஷன், இடது பக்கம் பயிற்சி."

"எது தேவல?"

"ஒரு நா இது... ஒரு நா அது."

அவளுக்குச் சுருக்கென்றது. "வெளயாடாதீங்க. ஆபரேஷன் பண்ணுன பொண்ண எவன் கட்டுவான்னு எங்கம்மா சரியா சோறே திங்கல."

அவன் சிரிப்பு நின்றது. "மன்னிச்சுக்குங்க. எது சரின்னு எனக்கும் தெரியல. ஆனா எலும்ப அப்பறமும் செதுக்கலாம்... செதுக்குனத ஒட்ட முடியாதுங்க."

தெரியாது என்று அவளிடம் சொன்ன முதல் ஆள் அவன்தான். திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வெள்ளிதோறும் அரியலூரில் பயிற்சி, திரும்பும் பஸ்ஸில் அவன்... இருவரும் நின்றபடியே பேச்சு.

பன்னிரண்டாவது வெள்ளி. வலி பாதி குறைந்திருந்தது, பாதி இருந்தது.

"நாளைக்கு டாக்டர் முடிவு சொல்லுவாரு. ஆபரேஷன்னு ஆச்சுன்னா சொந்தக்காரங்க கையெழுத்துப் போடணுமாம். அம்மா போடாது."

"நான் போடுறேன்."

"நீங்க யாரு எனக்கு?"

அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். "எவன் கட்டுவான்னு உங்கம்மா கேட்டாங்கல்ல... அவன்."

அவள் கம்பியை விட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வலிக்குமே..." என்றான்.

"வலிக்கட்டும். உக்காருங்க."