பொட்டு விழாத படம்

பக்கத்து வீட்டு சங்கரேஸ்வரி படத்தில் நெற்றிப் பொட்டைக் காணோம் என்று கண்டுபிடித்தவள் தங்கத்தாய்தான். படத்தை எடுத்த அவள் புருசன் சுடலையாண்டிக்கு அது கண்ணில் படவில்லை.

"என்னங்க கோலம் இது? அவ புருசன் இசக்கிமணி குத்துக்கல்லாட்டம் இருக்கான். நீங்க தாலியறுத்தவ மாதிரில்லா எடுத்து வச்சிருக்கிய."

துபாயிலிருந்து மகன் அனுப்பிய கேமரா. போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயராகி வீட்டுக்கு வந்துவிட்ட அப்பனுக்குப் பொழுது போகணுமாம். அவன் வர மாட்டான், பெட்டிதான் வரும். கறுப்பு வெள்ளையில் முகம் எடுப்பது எப்படி என்று செல்போனில் ஒரு பயல் பேசியதைப் பார்த்துத்தான் சுடலையாண்டி பழகினார். கேமராவுக்குள்ளேயே சிவப்பு ஃபில்டர் என்று ஒன்று இருக்கு, அதைப் போட்டால் முகம் பளிச்சென்று வரும் என்றான். வந்தது. சிவப்பாக இருப்பதெல்லாம் வெளுத்துப்போகும் என்று மட்டும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த பயல் எவன் முழுசாகச் சொல்லுகிறான்? குங்குமம் வெளுத்துத் தோலோடு தோலாகப் போய்விட்டது.

அதற்குள் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தும் ஆயிற்று. இசக்கிமணி விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணாச்சி, களவாணிய உக்கார வச்ச மாதிரி எம்பொண்டாட்டிய உக்கார வச்சிய, சரி. அதோட என்னையும் காலி பண்ணிட்டியளே!" சொல்லிவிட்டு அதையே சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினான். அந்த வாரமே அவன் லாரி புளியறை தாண்டி மலை வளைவில் உருண்டது.

பொட்டை அழித்த பிறகு சங்கரேஸ்வரியை அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார வைத்திருந்தார்கள். மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தெருவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேமராவோடு அவரைக் கண்டால் மேலகரத்துப் பொம்பளைகள் முந்தானையை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள்.

சுடலையாண்டி நம்பவில்லை. ஸ்டேஷனில் அழுதவனையும் நம்பாத ஆள், சத்தியம் பண்ணினவனையும் நம்பாத ஆள், ஒரு மெஷினையா நம்புவார்? பிரேக் பிடிக்கவில்லை, செத்தான். அவ்வளவுதான். இருந்தாலும் அந்த ஃபில்டரை எடுத்துவிட்டார்.

"என்னையும் ஒண்ணு எடுங்க," என்றாள் தங்கத்தாய்.

"எதுக்கு?"

"நான் செத்தா மாட்டுததுக்கு. உங்களுக்கு முந்தி, பூவும் பொட்டுமாப் போவேம்லா."

கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டைக்குச் சண்டை சொல்லுகிறதுதான். நான் போனப்புறம் ஒத்தையில கெடந்து அழுங்க என்பாள். அடித்த அடிக்கெல்லாம் அவளிடம் இருந்த ஒரே பதில் அது.

"வேண்டாம்ட்டி."

"ஏன், பயமா? ஊரையே மிரட்டின ஏட்டையாவுக்கு?"

அது சுருக்கென்று தைத்தது. எடுத்தார் கேமராவை.

மத்தியானம்தான், ஆனால் சீசன் மேகம் மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருந்தது. அருவியில் வெள்ளம், குளிக்க விடவில்லை என்று குற்றாலத்திலிருந்து திரும்புகிற வேன்கள் ரோட்டில் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, கரண்டும் போய், ஈரச் சுவர் வாடையும் அவள் தலையில் வைத்த எண்ணெய், பிச்சிப்பூ வாடையும் கலந்து மூச்சில் ஒட்டியது. ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாவல்பழம் அளவுக்குக் குங்குமம் வைத்திருந்தாள், வேண்டுமென்றே.

ஒரு தட்டு. கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் படம் வந்தது.

நெற்றி வெறுமையாக இருந்தது.

ஃபில்டரைப் பார்த்தார். இல்லை. அவர் எடுத்தது எடுத்தபடிதான். மறுபடி எடுத்தார். வெறுமை. கலருக்கு மாற்றி எடுத்தார். சேலை பச்சை. வெற்றிலை போட்ட உதடு சிவப்பு. நெற்றியில் ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தார். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. அப்படி ஒரு சிவப்பு.

"எப்படி இருக்கு?"

அவளே எழுந்து வந்து கேமராவை வாங்கினாள். பெருவிரலால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தார். நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தார். அவளோ, தலைச்சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு மூச்சு விட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு இப்படியும் ஒரு மொகம் உண்டுன்னு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே."

"குடுட்டி. அழிச்சிருதேன்."

"இருக்கட்டும். நீங்க உக்காருங்க, நான் எடுக்குதேன்."

உட்காரக் கூடாது என்றுதான் நினைத்தார். உட்கார்ந்துவிட்டார். அவள் இப்போதுதான் எழுந்த ஸ்டூல், ஐஸாகக் குளிர்ந்தது. ஹாரன் சத்தம் நின்றுபோயிருந்தது. வெளியே மழை பெய்தது. சத்தம் இல்லை. சாம்பிராணி வாடை. புது செவ்வந்தி மாலை வாடை. வீட்டில் சாம்பிராணியும் இல்லை. மாலையும் இல்லை.

"நேராப் பாருங்க."

ஒரு தட்டு.

படத்தைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். கேமராவை அவர் பக்கம் திருப்பினாள்.

கலரில் வைத்திருந்தும் படம் கறுப்பு வெள்ளை. சட்டை வெள்ளை. சுவர் கறுப்பு. நடு நெற்றியில் ஒன்று மட்டும் சிவப்பு. வட்டமாக. செத்தவன் படத்துக் கண்ணாடியில் மோதிர விரலால் அழுத்தி வைப்பார்களே, அது. ஈரம் காயவில்லை. ரேகைகூடத் தெரிந்தது.

அவள் நெற்றியைப் பார்த்தார்.

வெறுமை.

கையைத் தூக்கினார். தன் நெற்றியைத் தொட்டார். தோல் இல்லை. வழவழப்பு. குளிர்ச்சி.

கண்ணாடி.

அதற்கு அந்தப் பக்கம் தங்கத்தாய் அவசரமே இல்லாமல் விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.