மஞ்சள் லாட்டு

காலையில் மில்லுக்குள் நுழைந்ததும் என் முதல் வேலை ஆளி நாருக்குத் தண்ணீர் தெளிப்பது. ஆளிவிதைச் செடியின் நார் அது. காய்ந்து கிடந்தால் ஒடியும், கொஞ்சம் நனைத்தால் சொன்னபடி கேட்கும். நான் தெளித்து முடிப்பதற்குள் வாசலில் தொப் தொப்பென்று சத்தம் கேட்கும். லாரி டிரைவர் மிதுனண்ணன் துணிமூட்டை ஏற்றுகிறார் என்று அர்த்தம். பழைய விரோதியைத் தூக்கிப் போடுவதுபோல்தான் போடுவார்.

அன்றைக்குச் சத்தமே இல்லை. ஒற்றைச் சேலையோடு என் கலப்பு இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

அவர் மனைவி தன்ஷிகா அக்கா இறந்து பதினாறாம் நாள், சட்டப்படி கடைசி நாள். வெயில் ஏறிப் பருத்தி விளையாமல் போய் முப்பது வருஷமாகிறது. மிச்சமிருக்கும் பருத்தியெல்லாம் மனிதர்கள் உடம்பில்தான் இருக்கிறது. அதனால் ஒருவர் போனால் பதினாறு நாளுக்குள் அவர் துணி மில்லுக்கு வந்துவிட வேண்டும். பஞ்சுமீட்டியில் பிரித்து, ஆளியோடு கலந்து நூற்று நெய்து, ஊருக்கே திரும்பப் பங்கிடுகிறோம்.

"அம்மிணி, இதை மட்டும் தனியா நூத்துக் குடுக்க முடியுங்களா? எதோடயும் கலக்காம?"

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேலையின் ஓரத்தைப் பஞ்சாக்கிச் சாம்பிள் மெஷினில் ஓட்டினேன். "விதிமீறல்" என்றது மெஷினைக் கவனிக்கும் கணினி நூல்மதி. அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டினேன். இழை அறுந்தது. முறுக்கைக் கூட்டினேன், மறுபடி அறுந்தது. மூன்றாம் தடவையும் அறுந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"கட்டிக் கட்டிப் பஞ்சு குட்டையாயிருச்சுங்ணா. தனியா நிக்காது. ஆளி நீளமான நாரு, அது புடிச்சுக்கும்."

"அவளும் தனியா எங்கியும் போகமாட்டா," என்றார். "போடுங்க."

இன்னும் நாற்பது பேர் துணியோடு அதுவும் உள்ளே போனது. ஒரு நாள் கலவை இன்னொரு நாளுடையதோடு சேர்ந்துவிடாமலிருக்க அன்றன்றைய கலவைக்கு, அதாவது லாட்டுக்கு, ஒரு நிறம் பூசுவோம். யார் துணி எதில் போனதென்று வெளியே சொல்லக்கூடாது. நான் சொன்னேன். "மஞ்சளா வந்தா அக்கா லாட்டுங்ணா."

மூன்று வாரம் கழித்து, பங்கீட்டுக் கடையில் கெஞ்சி மஞ்சள் துண்டு ஒன்று வாங்கினார். கூடவே பச்சை ஒன்றும் கொடுத்தார்களாம். மறுநாள் இரண்டு வெளுத்த துண்டுகளோடு வந்தார்.

"புதுத்துணிய அவ அலசாமக் கட்டமாட்டா அம்மிணி. அதான் அலசிப் போட்டேன். காஞ்சப்புறம் பாத்தா ரெண்டும் ஒண்ணாட்ட இருக்குதுங்க."

லாட்டு நிறம் முதல் தண்ணீரிலேயே போய்விடும். மில்லில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அவரிடம் சொல்லத் தோன்றவேயில்லை. இழைமானியில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஆளி, இரண்டிலும் யாரோ கட்டிய பருத்தி.

"தப்பு என்னோடதுங்ணா. மன்னிச்சிருங்க."

அவர் இரண்டு துண்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டார். "விடுங்க அம்மிணி."

மறுநாள் நான் நாருக்குத் தெளித்து முடித்தும் வாசலில் சத்தமில்லை. வரவில்லையோ என்று பயந்து ஓடினேன். லாரி நின்றிருந்தது. ஒவ்வொரு மூட்டையாக இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, மெல்ல உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்ணா, இன்னிக்கு இத்தனை மெதுவா?"

"எதுல இருக்காளோ தெரியலீங்களே," என்றார். "பாத்துத்தான் வெக்கோணும்."