பெட்டிக்கு ஏன் மூச்சு வாங்கியது?

சிங்கம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. கர்ஜிக்கவில்லை.

"மறுபடியும் நின்னுடுச்சா?" என்று கேட்டாள் குருவி. அவள் பெயர் வேறு. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் குருவிதான்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு பள்ளிக்கூட நாடகத்தின் வீடியோ. சிங்க வேஷம் போட்டிருந்தது ஒரு சின்னப் பையன். அம்மா அதைத் தொகுத்து மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். சாயங்காலம் பெரிய திரையில் தங்களைப் பார்க்கப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

வீடியோ அம்மாவின் கணினியில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியில் இருந்தது. வீட்டின் படங்கள், பாட்டுகள், அம்மாவின் வேலை எல்லாம் அதற்குள்தான். எந்த அறையிலிருந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். இன்று கொடுக்க மறுத்தது. அதன் விசிறி மட்டும் படியேறி வந்தவரைப் போல மூச்சு வாங்கியது.

படிக்குக் கீழே மாமா குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி.

"அணைச்சுட்டு மறுபடி போட்டுட்டேன் அக்கா. இனிமே பாரு, பறக்கும்."

பறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விசிறி மறுபடி இரைந்தது.

"அப்ப ஒரே வழிதான். உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்."

"அழிச்சிட்டு? சிங்கமா நடிக்க உன்னை அனுப்பவா?" என்றார் அம்மா. குரலில் சிரிப்பு இல்லை.

மாமா பேச்சை மாற்றினார். "எல்லாம் இவளால. பாட்டா ஏத்தி வெச்சிருக்கா. பெட்டி திணறுது."

"பாட்டு சும்மாதானே மாமா இருக்கு. சும்மா இருக்கறது எப்படித் திணற வைக்கும்?"

மாமா தலையைச் சொறிந்தார்.

குருவி பெட்டியின்மேல் கை வைத்தாள். காய்ச்சல்காரர் நெற்றியைப் போலச் சுட்டது.

"அம்மா, இது ஏதோ வேலை செஞ்சிட்டே இருக்கு. என்ன வேலைன்னு இதையே கேக்க முடியாதா?"

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணினியில் பெட்டியின் நிலையைக் காட்டும் பக்கத்தைத் திறந்தார். பெட்டியின் மூளைக்குப் பிராசஸர் என்று பெயர். அது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வேலையில் மூழ்கியிருந்தது. அந்த வேலையை யார் கொடுத்தது என்று கீழே வரிசையாக இருந்தது.

படங்களை அடுக்குகிற வேலை தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டுகளும் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றே ஒன்றுதான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"வாசல் கேமரா," என்று படித்தாள் குருவி.

மாமா சட்டென்று கூரையைப் பார்த்தார்.

போன வாரம் அவருடைய செருப்பு காணாமல் போயிருந்தது. அதுவும் ஒற்றைச் செருப்பு. அன்றைக்கே வாசலில் கேமராவை மாட்டிவிட்டார். யாராவது அசைந்தால் பதிவு செய்யச் சொல்லிப் பெட்டியில் ஏற்பாடும் செய்திருந்தார்.

"அசைவை எவ்வளவு கவனிக்கச் சொன்னே?" என்றார் அம்மா.

"ரொம்ப இல்ல அக்கா. எறும்பு நகர்ந்தாகூடத் தெரியணும்னு, உச்சத்துல வெச்சேன்."

"சரியாப் போச்சு."

"ஆனா வாசல்ல யாருமே இல்லையே. காலையில இருந்து பால்காரர் மட்டும்தான் வந்தார்."

அம்மா பதிவைத் திறந்தார். நாடக வீடியோவைவிடச் சின்னது என்பதால் அது நிற்காமல் ஓடியது. விடியற்காலையில் தொடங்கியிருந்தது. குருவி நாற்காலியின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்தாள்.

திரையில் படிக்கட்டு தெரிந்தது. பிறகு தெரியவில்லை. கதவளவு பெரிய ஏதோ ஒன்று அதை மறைத்துக்கொண்டு இறங்கியது. அதற்கு எட்டுக் கால்கள்.

"ஐயோ, இது எங்கிருந்து வந்தது?" என்று மாமா பின்னால் நகர்ந்தார்.

"சிலந்தி மாமா. கேமராகிட்ட இருக்கறதால பெருசாத் தெரியுது."

சிலந்தி ஒரு நூலைக் காற்றில் விட்டது. நூல் மிதந்தது. எதிரே இருந்த விளக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த நூலின்மேல் அது நடந்தது, கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நூல். திரும்பி வந்தது. இன்னொரு நூல். சக்கரத்தின் ஆரங்கள்போல அவை விரிந்தன. பிறகு சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு ஆரத்தையும் பின்னங்காலால் தொட்டுப் பார்த்து, நூலை ஒட்டி, அடுத்ததற்குப் போனது. ஓர் இடத்தைக்கூட விடவில்லை.

அம்மா மதியத்தையே மறந்துவிட்டார்.

வலை முடிந்ததும் சிலந்தி நடுவில் அமர்ந்தது. காற்று வந்தது. வலை நடுங்கியது.

"அதோ," என்றாள் குருவி மெதுவாக. "வலை ஆடறப்பல்லாம் யாரோ வந்துட்டாங்கன்னு பெட்டி நினைச்சிருக்கு. ஒவ்வொரு நடுக்கத்தையும் உத்துப் பார்த்து எழுதி வெச்சிருக்கு. விடிஞ்சதுலேர்ந்து."

"பாவம்," என்றார் அம்மா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

மாமா எழுந்து துடைப்பத்தை எடுத்தார். "ஒரு நிமிஷ வேலை."

குருவி கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"கலைச்சா நாளைக்கு மறுபடி கட்டும் மாமா. விளக்குக்குப் பூச்சி வருது. பூச்சிக்கு இது வருது. நீங்க தினமும் துடைப்பத்தோட நிக்கப் போறீங்களா?"

"என் செருப்பை யாரு பார்த்துக்கறது?"

"செருப்பு கீழ இருக்கு. வலை மேல இருக்கு. கீழ மட்டும் பாருன்னு பெட்டிகிட்ட சொல்ல முடியாதா?"

மாமா துடைப்பத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "முடியும்," என்றார். "அதுக்கு ஒரு கட்டம் போடணும்."

கணினியின் மவுஸைக் குருவியிடம் கொடுத்தார். அவள் திரையில் படிக்கட்டையும் செருப்புகளையும் மட்டும் சுற்றிக் கட்டம் இழுத்தாள். வலை வெளியே நின்றது. எறும்பு அளவில் இருந்த கவனத்தை மாமா பூனை அளவுக்கு இறக்கினார்.

எண் இறங்கியது. தொண்ணூறு. அறுபது. பதினொன்று. மாடிப்படிக்குக் கீழே விசிறியின் இரைச்சல் தேய்ந்து அடங்கியது.

அம்மா வீடியோவை ஓட்டினார்.

சிங்கம் கர்ஜித்தது. மாமா கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது.

வீடியோ மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் பள்ளியிலிருந்து ஒரு படம் வந்தது. பெரிய திரையில் சிங்கம். அதற்கு முன்னால் அந்தச் சின்னப் பையன், திரையில் இருந்ததைவிடப் பெரிதாக வாயைத் திறந்துகொண்டு.

மறுநாள் விடியும்போது குருவி வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். சிலந்தி பழைய வலையைத் தின்று முடித்திருந்தது. முதல் நூலைக் காற்றில் விட்டது.

பெட்டி அதைப் பதிவு செய்யவில்லை. குருவி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.