புத்தகம் வராத வண்டி

இரண்டு நாளாகக் கூடத்தின் நடுவில் லோடு ஆட்டோவின் முன் சீட் கிடந்தது. குளியலறைக்குப் போகிறவர்களும் சமையலறைக்குப் போகிறவர்களும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாமியார் மட்டும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அதில் காலை இடித்துக்கொண்டாள். கண் தெரியாமல் அல்ல.

"நாளைக்கு முதல் லோடு. சீட்டு இன்னும் தோலுரிச்ச கோழியாட்டம் கிடக்கு. ஊர் வண்டிக்கெல்லாம் உறை தைக்கிறவ, சொந்த வண்டின்னா மட்டும் கை வரலியோ?"

மருமகள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். புது ரெக்சின் சுருள் தையல் மெஷின்மேல் பிரிக்காமல் இருந்தது. கத்தரிக்கோல் அதன்மேல் இருந்தது. கணவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்தால் அவளுக்கு வாய் அடைத்துப் போகும். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிப் பதினோரு மாதம். போன வாரம் அந்தப் பழைய வண்டி வாசலில் வந்து நின்றபோதுதான் அவன் மறுபடி நிமிர்ந்து நடந்தான்.

வண்டியைப் பிடித்துக் கொடுத்தவன் கொழுந்தன். ஆர்.சி. என்கிற வண்டிப் புத்தகம் மட்டும் வரவில்லை. விற்றவர் வீடு மாறும்போது தொலைத்துவிட்டாராம், நகல் வாங்கித் தருவாராம். பாதி விலைக்குக் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

அவளும் கேட்கவில்லை, சீட்டைப் பிரிக்கும்வரை.

மேலே இருந்த மலிவான உறையைக் கிழித்ததும் அடியில் இன்னொரு உறை தெரிந்தது. அதன் அடிப்பக்கத்தைக் கம்பியோடு சேர்த்துக் கையால் கட்டியிருந்தார்கள். கட்டுகள் எல்லாம் மற்றவர் தையலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் சீட் தைக்கிறவர்களில் அவள் ஒருத்திதான் இடதுகைக்காரி. இடுப்பு வைக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்சு. அதையும் அவளே வெட்டி வைத்திருந்தாள், வீடு வீடாக வண்டியில் ரொட்டி விற்கும் அம்மாவுக்காக.

அன்றைக்கே கணவனிடம் சொன்னாள். "பார்த்துக்கலாம்" என்றான். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

"நாளைக்குள்ள முடிச்சிடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "தையல்ல உங்க கையெழுத்து இருக்குன்னு சொன்னீங்களாமே. கோர்ட்டுல அதைக் காட்டினா வண்டியையே உங்க பேருக்கு எழுதிக் குடுத்துருவாங்க."

மாமியார் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அவளுக்கு என்ன கவலைன்னு எனக்குத் தெரியும்டா. இவன் நாலு காசு சம்பாதிச்சுட்டா, அப்புறம் இந்த வீட்டுல இவளை யாரு மதிப்பா? புருஷன் தன் தையல் காசுலயே உக்காந்து சாப்பிடணும்… அதான் ஆசை."

"அத்தை… இந்தப் பதினோரு மாசத்துல ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"சொல்லணுமா? உன் நடையே சொல்லுதே."

அந்தச் சொல் அவளைக் குத்தியது. பொய்யாக இருந்திருந்தால் உதறிவிட்டிருப்பாள். இந்தப் பதினோரு மாதத்தில், அரிசி வாங்கி வந்து வைக்கும்போது, வீட்டில் எல்லோரும் தன் கையைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அது உண்மை. வண்டி வந்த அன்று எல்லோரும் வாசலுக்கு ஓடியபோது மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்ததும் உண்மை. அப்படியென்றால் தான் பேசுவது நியாயமா, பொறாமையா? இரண்டு நாளாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பொறாமையாகவே இருக்கட்டும். அதனால் வண்டி தங்களுடையது ஆகிவிடுமா?

"நேத்து நூல் வாங்கப் போறேன்னு சொன்னது பொய். அந்த ரொட்டிக்காரம்மா வீட்டுக்குப் போனேன்," என்றாள்.

கணவன் நிமிர்ந்தான்.

"கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தே விக்குறாங்க. ரிப்பேருக்குப் போன வண்டி திருடு போயிருச்சுன்னு அவங்க வீட்டு ஆளுங்க சொல்லிட்டாங்களாம். புத்தகம் அவங்க பெட்டியில பத்திரமா இருக்கு. 'புத்தகத்தை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது, ஓட்டவா முடியும்'னு கேட்டாங்க. எனக்கு நாக்கு எழும்பல. ஒரு ரொட்டி வாங்கிட்டு வந்துட்டேன்."

"வண்டி இங்க நிக்குதுன்னு சொன்னியா?" மாமியார் குரல் தாழ்ந்தது.

"சொல்லல."

"அப்ப வாயை மூடிட்டுத் தை. பழசு மேல புதுசைப் போட்டு மூடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"திருட்டாம் திருட்டு," கொழுந்தன் எரிச்சலோடு எழுந்தான். "அந்தம்மாவோட கொழுந்தனே ஓட்டிட்டு வந்து வித்த வண்டி. குடும்பத்துக்குள்ள நடந்ததைத் திருட்டுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

கணவன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"வித்தவன் அந்தம்மாவோட கொழுந்தன்னு இவ சொல்லவே இல்லியேடா," என்றான் கணவன் மெதுவாக. "அப்ப, வண்டி யாருதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினியா?"

கொழுந்தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள்.

"உனக்காகத்தாண்ணா… நீ இப்படியே உக்காந்திருக்கறதைப் பார்க்க முடியாமத்தான்…"

 மருமகள் ரெக்சின் சுருளை எடுத்து மூலையில் சாத்தினாள். "நான் தைக்க மாட்டேன் அத்தை."

"தைக்க மாட்டேன்னா இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை? மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்பு."

கணவன் எழுந்தான். குனிந்து, உரித்த சீட்டை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஸ்பேனர் சத்தம் கேட்டது. உறை இல்லாமலே லோடுக்குக் கிளம்புகிறானா?  ஆக, அவனும் அவர்களோடுதான்… மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கினாள். 

இஞ்சின் சத்தத்துக்கு மேலாக அவன் குரல் வந்தது. "வந்து ஏறு. அந்தம்மா வீடு எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாது."

மாமியார் வாசலுக்கு ஓடினாள். "புத்தி கெட்டுப் போச்சாடா? போட்ட பணம்? வண்டியைக் குடுத்துட்டு எதுலடா வருவீங்க?"

"நடந்து வருவோம்மா. அந்தம்மா நடக்கலியா? பணத்துக்கு உன் சின்னப் பையன் வித்தவனைக் கூட்டிட்டு வரட்டும். அவனுக்குத்தான் வழி தெரியும்." பிறகு சொன்னான். "இன்னொண்ணு. மெஷின் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அதை யாரும் தொடக் கூடாது."

அவள் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவன் முன்னால் சாலையைப் பார்த்தபடி பேசினான்.

"நீ அன்னிக்குச் சொன்னப்பவே நம்பிட்டேன். மேல கேட்டா ஓட்ட முடியாதேன்னுதான் கேக்கல… உன்னைத் தனியா பேச விட்டுட்டேன்."

அவள் அவன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, யாரையும் தாங்கிப் பிடிக்காமல் அழுதாள். தெருமுனை வந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான்.

"எந்தப் பக்கம்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவன் திருப்பினான்.