முகத்தோடு ஒரு படம்

"ஹலோ... இப்ப என்னைத்தானே படம் எடுத்தீங்க?"

கேலம் சட்டென்று கேமராவை இறக்கினான். கனடாவில், டார்ட்மத்திலிருந்து எதிர்க்கரை ஹாலிஃபாக்ஸுக்குப் போகும் காலை எட்டே கால் படகு. மேல்தளத்தில் தூறல். இதுவரை முதுகைக் காட்டி நின்ற மஞ்சள் மழைக்கோட்டுப் பெண் இப்போது முழுதாகத் திரும்பி நின்றாள். பருத்த உடம்பு, நிமிர்ந்த தோள்கள். இமைகளில் இரண்டு மழைத்துளிகள்... அவற்றைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கண்கள்! மழை நாளின் கடல் நிறம். கோபத்தில்கூட ஒருத்தி இவ்வளவு அழகாக இருக்க முடியுமா?

"காட்டுங்க."

காட்டினான். மஞ்சள் கோட்டு, இடுப்பு, கால்கள். கழுத்தோடு படம் முடிந்திருந்தது.

"என் தலை எங்க?"

"அது வந்து... நீங்க யாருன்னு தெரியக் கூடாதில்ல... ஒரு மரியாதைக்கு..."

"தலையை வெட்டுறது மரியாதையா? எதுக்கு இந்தப் படம்?"

பொய் சொல்ல வராத பிள்ளை அவன். "யுனிவர்சிட்டில ஒரு கோர்ஸ். விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதறோம், அதுக்கு இன்னொரு படம் வேணும். உடல் பருமன் ஆராய்ச்சியைப் பத்தி..." கடைசி வார்த்தைகளை மென்று விழுங்கினான்.

அவன் கையிலிருந்த கேமராவில் தானே பொத்தானை அமுக்கிப் படத்தை அழித்தாள். அவள் விரல் அவன் விரலில் பட்டது... சில்லென்று! 'அடப்பாவி, திட்டு வாங்கற நேரத்துல கவனிக்கற விஷயமாடா இது?' என்று தன்னையே நொந்துகொண்டான். படகு கரை சேர்ந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

பத்து மணி வகுப்பில், அதே மஞ்சள் கோட்டு வாசலில் நின்றது!

"இவ ஒடெட். இனிமே நம்ம குழு," என்று அழைத்து வந்தாள் கேலமின் குழுத்தோழி ஷெல்பி. "ஒடெட், இது கிரஹாம். அங்க திருதிருன்னு முழிக்குதே, அது கேலம். ஏன்டா, பேயைப் பார்த்தியா?"

"என்னைத் தலையோட பார்க்கறார் இல்ல... அதான்," என்றாள் ஒடெட்.

கேலமுக்குக் காது மடல் வரை சிவந்தது.

உடல் பருமன் ஆராய்ச்சிகளில் பருமனான மனிதர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதுதான் அந்த நால்வர் எழுதும் கட்டுரை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அது உலகத்தின் பார்வைக்குப் போகும். அதன் உச்சியில், போன மாதம் கேலம் எடுத்துப் போட்ட படம் இருந்தது. தெருவில் நடந்து போகும் ஒரு பெரிய வயிறு. தலை இல்லை.

ஒடெட் திரையைப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"பதினாறு வயசுல எனக்குக் காது வலி. டாக்டர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கல. உடம்பைக் குறைன்னு எழுதிக் கொடுத்தார். காது வலிக்கு! அன்னிலேர்ந்து இதைப் பத்தி எழுதணும்னு காத்துக்கிட்டு இருக்கேன். ஆனா மேல இந்தப் படம் இருந்தா, நான் குழுவுல இல்ல."

அவள் சொல்வது நியாயம் என்று கேலமுக்குத் தெரிந்தது. ஆனால் எல்லோர் எதிரிலும் ஒப்புக்கொள்வதா? ரோஷம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது.

"யார் வேணா பயன்படுத்திக்கலாம்னு அனுமதி கொடுத்த படம்தான் விக்கிப்பீடியாவுல போடலாம். முகத்தோட அப்படி யார் நிப்பா? இருந்தா கூட்டிட்டு வாங்களேன்!"

"நான் நிக்கிறேன்."

கேமராவை எடுத்து அவன் கையில் திணித்தாள் ஒடெட்.

"நீயே எடு. கழுத்தோட நிறுத்திடாத!"

மறுநாள் நூலகப் படிக்கட்டு. மழையோ மழை. மடி நிறைய ஆய்வுக் கட்டுரைகளோடு கூரைக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். கேலம் குனிந்தான், நிமிர்ந்தான், முழங்காலிட்டான்... கேமராவுக்குள் ஒரே இருட்டு.

"கேலம்... மூடி."

"நான் பேசவே இல்லையே!"

"வாயை இல்ல... லென்ஸ் மூடியைக் கழட்டு!"

சொல்லிவிட்டு அவள் வெடித்துச் சிரித்தாள். மூடியைப் பிடுங்கி அவன் அமுக்கிவிட்டான். கிளிக்!

படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். கன்னம் குழிந்த அந்தச் சிரிப்பு, ஒளி ததும்பும் கண்கள், பெரிய தோள்கள், மடியில் காகிதங்கள்... "நான் இப்படியா இருக்கேன்?" என்றாள் மெதுவாக. அடுத்த நொடியே முகம் மாறியது. "பாவம்னு நினைச்சு நல்லா எடுத்தியா? படகுல பண்ணினதுக்குப் பரிகாரமா?"

"ஐயோ, இல்ல... நான்..."

ஒடெட் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"பரிதாபம் எல்லாம் எனக்கு வேணாம் கேலம்." மழையில் நனைந்தபடியே போய்விட்டாள்.

மூன்று நாள் அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. படத்தைத் திறப்பான், மூடுவான், மறுபடி திறப்பான்.

வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி. கட்டுரையைப் பற்றி எழுதியவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் வாக்கெடுப்பு. பழைய படமா, புதிய படமா? ஆளுக்கொரு கணினி முன்னால் நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"ஒடெட், இது உன் சொந்தப் படம். உனக்கு ஓட்டு கிடையாது. சார்பு இருக்கறவங்க அதைச் சொல்லிட்டு ஒதுங்கிடணும், அதான் விதி," என்றான் கிரஹாம். "என் ஓட்டு பழசுக்கு. முகத்தைப் போட்டா கண்டவனும் கிண்டல் பண்ணுவான்."

"என் ஓட்டு புதுசுக்கு!" என்றாள் ஷெல்பி. "சமமா இருந்தா பழசுதான் நிக்கும். டேய் கேலம், உன் கையிலதான் இருக்கு. போடு!"

ஒடெட் அவனைப் பார்க்கவில்லை. விரல்களை மட்டும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

கேலம் தட்டினான். அழித்தான். மறுபடி தட்டினான். மூவர் திரையிலும் அந்த வரிகள் வந்து நின்றன.

'நான் வாக்களிக்க முடியாது. எனக்கும் சார்பு இருக்கிறது. இந்தப் படத்தை மூன்று நாளாக என்னால் நடுநிலையோடு பார்க்க முடியவில்லை. படத்தில் இருப்பவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பரிதாபத்தால் இல்லை. – கேலம்.'

ஷெல்பி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பைத்தியமா நீ?" ஒடெட் எழுந்துவிட்டாள். முகம் குப்பென்று சிவந்திருந்தது. "உன் ஓட்டு இல்லன்னா என் படம் போச்சேடா! அழி அதை!"

"அழிச்சாலும் பழைய பதிவுல இருக்கும், யார் வேணா படிக்கலாம்," என்றான் கேலம். "இன்னும் ஒரு வரி இருக்கு, பாரு."

'பழைய படத்தை எடுத்ததும் நான், இங்கே போட்டதும் நான். போட்டது தப்பு. அதைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன்.'

கிரஹாம் இரண்டு தடவை படித்தான். தலையைச் சொறிந்தான். "அப்புறம் நான் யாருக்கு ஓட்டுப் போட? போட்டிக்கு ஆளே இல்லையே! போட்டுத் தொலைங்க."

ஷெல்பி ஒரே தாவலில் படத்தை ஏற்றினாள். கட்டுரையின் உச்சியில், மழையின் பின்னணியில், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஒடெட்!

ஒடெட் மெல்ல உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது... உதட்டில் சிரிப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு வார்த்தை பேசாமல், கணினியை இழுத்து அவன் வரிகளுக்குக் கீழே தட்ட ஆரம்பித்தாள். கேலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தான்.

'கேலமைப் பற்றிய எந்த விஷயத்திலும் இனி நானும் வாக்களிக்க முடியாது. எனக்கும் அதே சார்பு இருக்கிறது. – ஒடெட்.'