பெரியம்மாவின் கோபம்

காலையில் அடுப்படிக்குள் கால் வைத்ததுமே இளையவளுக்கு விளங்கிவிட்டது. ஓரகத்தி, அந்த வீட்டு மூத்த மருமகள், பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, உடம்புக்கு முடியலையா?”

“உடம்புக்கு என்ன! மூஞ்சிதான் ஊர் சிரிக்குது...”

டேப்லெட்டை மேடைமேல் இவள் பக்கம் நகர்த்தினாள். திரையில் ஓரகத்தியின் முகம். விழி பிதுங்கி, வாய் கோணி... கீழே ‘கோபம்’ என்று கொட்டை எழுத்து.

“நேத்து சிட்டுவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போனேன். ஒரு புள்ள என்னைக் கைகாட்டி ‘கோபம், கோபம்’னு கத்துது. டீச்சரம்மா சிரிப்பை அடக்கிட்டு நிக்கிறாங்க! ஏம்மா, கோபத்துக்கு என் மூஞ்சிதான் கெடச்சுதா?”

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் முகம் பார்த்து உணர்ச்சிகளைப் பழகுவதற்காக இளையவள் வடிவமைத்த மென்பொருள் அது. மகள் சிட்டுவுக்காகத் தொடங்கியது, இப்போது அவள் பள்ளியிலும் ஓடுகிறது. வரைந்த முகங்கள் சிட்டுவுக்குப் பிடிபடவில்லை என்று, வீட்டுக் கேமராவில் பதிவான முகங்களை வெட்டிப் போட்டாள். யாரையும் கேட்கவில்லை. அவளால் கணினி முன் உட்கார முடிந்ததே, ஓரகத்தி தன் தையல் கடையை மூடிவிட்டுச் சிட்டுவைப் பார்த்துக்கொண்டதால்தான்!

“தப்புதான்க்கா. இன்னிக்கே எடுத்துடறேன். சிட்டு வேற இந்தப் படத்துக்கு எப்பவும் தப்பாத்தான் சொல்றா. ‘பயம்’னே தொடுறா...”

ஓரகத்தி வெடுக்கென்று திரும்பினாள்.

“தப்பா? சிட்டு மாடிச் சுவர்மேல ஏறி நின்ன அன்னிக்குப் பதிவானதுடி இது! நான் கத்துனது கோபத்துலயா? என் உசிரே என்கிட்ட இல்ல... உன்கிட்ட சொன்னா நீ வேலையைப் போட்டுட்டு உக்காந்துடுவேன்னு எனக்குள்ளயே வெச்சுக்கிட்டேன்...”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இளையவள் கூனிக் குறுகிப் போனாள். சிட்டு ‘பயம்’ என்று தொட்டபோதெல்லாம் ‘தப்பு, மறுபடி பார்’ என்று மென்பொருளில் சொன்ன குரல் இவளுடையது. “நல்லாப் பாரு, பெரியம்மாவுக்குக் கோபம்” என்று அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்து நகர்த்தியதும் இவள்தான்.

“மன்னிச்சிடுங்கக்கா...”

காலில் விழப் போனவளை ஓரகத்தி இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“என்னை விடு, நான் தாங்கிக்குவேன். சரியாச் சொன்ன புள்ளையைப் போயி...”

கூடத்தில் சிட்டு கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. இளையவள் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

“சிட்டு... நீ சொன்னதுதான் சரி. அம்மாதான் தப்பு.”

சிட்டு நிமிரவில்லை. இன்னொரு கரண்டியை வைத்தாள்.

“பெரியம்மா பயம்” என்றாள். பிறகு, ஆறுதல் சொல்வதுபோல், “சிட்டு விழல.”

“ஆமாண்டா தங்கம்... விழல!” அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு ஓரகத்தி ஓவென்று அழுதாள்.