சோதனை மாணவன்

அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் வந்து மோதுவது வாடைதான். கீழ்த்தளத்துப் பட்டறையில் இரும்பைக் கடையும்போது ஊற்றுகிற எண்ணெய் கருகி, அந்தப் புகை படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏறி, கணினி அறையின் திரைச்சீலையில் குடியேறிவிட்டது. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அவளுக்கு அது பழகிப்போன வாடை. வீட்டில் தம்பியின் சட்டையிலும் அதேதான்.

தம்பி அதே கல்லூரியில், அதே பட்டறையில் இரண்டாம் ஆண்டு. அப்பா முகம் அவனுக்கு ஞாபகமில்லை. அம்மாவும் போன பிறகு சோறு போட்டு, காய்ச்சலுக்கு விழித்திருந்து, காதைத் திருகி அவனை ஆளாக்கியவள் அவள்தான். அந்த நன்றிக்கு அந்தப் பயல் அவளை ஒருநாளாவது அக்கா என்று கூப்பிட்டிருப்பானா? "மேனேஜர்" என்பான். விளக்கை அணை, செருப்பை ஒழுங்காக வை என்று நாள் முழுக்கச் சட்டம் போடுகிறவளுக்கு வேறென்ன பேர் என்று கேட்பான். அவள் முறைப்பாள். உள்ளுக்குள் அந்தப் பேர் அவளுக்குப் பிடிக்கும்.

அன்று காலையும் படிக்கட்டில் பிரியும்போது அவன் திரும்பி, "மேனேஜர், சாயங்காலம் சேர்ந்தே போகலாம். என்னை விட்டுட்டுப் போயிடாத" என்றான்.

கணினி அறையில் பாடத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. அந்தக் கல்லூரியை நடத்தும் குழுமத்தின் எல்லாக் கல்லூரிகளும் ஆன்லைன் பாடங்களைப் பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தன. வீடு மாற்றுவதைப் போன்ற வேலைதான். என்ன, இங்கே உடைந்த சாமானைக்கூடத் தூக்கி எறிய அனுமதி கிடையாது. பாடம், தேர்வு, மதிப்பெண், ஆசிரியர் எழுதிய குறிப்பு எல்லாம் அப்படியே வந்தாக வேண்டும். வந்து முடிந்ததும் மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய சர்வரை அணைத்துவிடுவார்கள்.

எல்லாக் கல்லூரிகளிலும், எல்லாப் பாடத்திலும் ஒரே பொய் மாணவன் இருந்தான். பேர், சோதனை மாணவன். தேர்வு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஆசிரியர்கள் அவன் பேரில் நுழைந்து தப்புத் தப்பாக விடை எழுதுவார்கள். பிறகு தாங்களே அவனுக்குப் பூஜ்யம் போடுவார்கள். குறிப்புப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வாய்க்கு வந்ததை அதில் அடித்து வைப்பார்கள். வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்ல முடியாத வசவெல்லாம் அவனுக்குத்தான். யாரைக் கேட்க வேண்டும்? பொய் மாணவன்தானே.

பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். அவருக்கு அங்கே எல்லோரும் வைத்த பேர் மீசை. கீழே பட்டறையில் இரும்பைக் கடையும் லேத் இயந்திரம் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து ஒரு பையன் செத்துப்போனான். பாடத் தளத்தில் அவன் கணக்கு சும்மா கிடந்தது. புதிதாக ஒரு கணக்கு வாங்க மேலிடத்தில் தொங்க வேண்டும். ஆகவே பேரை மட்டும் மாற்றிவிட்டு அதையே சோதனைக்கு வைத்துக்கொண்டார் மீசை. இதை ஏதோ சாமர்த்தியம் போலச் சொல்லிச் சிரித்தார்.

அவர் அதைச் சொன்ன அன்றுதான் அவள் முதன்முதலாக அந்தக் குறிப்புப் பெட்டியைச் சோதிக்க வேண்டியிருந்தது. திட்ட மனம் வரவில்லை. யாருமில்லாத வீட்டில் தம்பி தனக்காகக் காத்திருப்பது நினைவுக்கு வர, ஏதோ ஒரு இரக்கத்தில் இப்படி அடித்தாள்: 'பாவம்டா நீ. நீயும் என் தம்பிதான். வீட்டுக்கு வந்துடு.'

அந்தக் குறிப்புகள் எதுவும் அவனுக்குப் போகவில்லை. பழைய தளத்தில் ஆசிரியர் 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் குறிப்பு மாணவனைச் சேரும். சோதனை மாணவனுக்காக யார் அழுத்துவார்கள்?

புதிய தளம் அப்படியில்லை. மாற்றும்போது திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும் டிக் குறியை எடுத்துவிடாவிட்டால், வந்து சேர்கிற குறிப்பெல்லாம் தானாகவே வெளியாகிவிடும். அவள் எடுக்க மறந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. மதியம் அவள் 'மாற்று' பொத்தானை அழுத்தினாள். எல்லாக் கல்லூரிகளின் எல்லா வசவும் ஒரே நேரத்தில் அந்தச் செத்த பையனுக்குப் போய்ச் சேர்ந்தது.

கணித ஆசிரியை சாப்பிட்டுவிட்டு நேராகக் கணினி அறைக்கு வந்தார். தன் பாடம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர், என்றோ தான் எழுதிய குறிப்பைப் பார்த்துச் சிரித்தார். 'கண்ணு எங்கே இருக்கு உனக்கு? தோண்டி எடுத்துடுவேன்.' அதன் அடியில் பச்சை நிறத்தில் 'மாணவர் படித்தார்' என்று இருந்தது. அதற்கும் கீழே ஒரு பதில்.

'நீங்களும், மேடம்.'

மீசையின் குறும்பு என்று நினைத்து அவரைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே ஆசிரியை எழுந்தார். புகை வாடை தாங்கவில்லை என்று ஜன்னலை மூடப் போனார்.

கண்ணாடி உள்பக்கமாக வெடித்தது.

கல் இல்லை, காற்றும் இல்லை. மற்ற ஜன்னல்கள் அசையக்கூட இல்லை. அந்த ஒரு சட்டத்தின் கண்ணாடி மட்டும் தூள் தூளாகி, ஆசிரியையின் முகத்தை மட்டும் தேடிப் போனது. அவர் இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்துக் கழுத்துவரை ஓடியது. கத்துவதற்குக்கூட அவருக்கு மூச்சு வரவில்லை. அவர் கையை விலக்கிப் பார்க்க முயன்ற அவள், உள்ளே பார்த்துவிட்டு மறுபடி அந்தக் கைகளை அப்படியே பொத்தி வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோன பிறகும் தரையில் கண்ணாடித்தூள் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் மீசையிடம் திரையைக் காட்டினாள். அவர் பார்த்தார். தன் சொந்தக் குறிப்பையும் தேடித் திறந்தார். 'இப்படி எழுதுறவன் கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்.'

மாணவர் படித்தார்.

'நீங்களும், ஐயா.'

அந்த மனிதருக்கு மூக்கின் மேல் கோபம். பயம் வந்தால் அவருக்குக் கோபம் இரட்டிப்பாகும். எவனோ பழைய சர்வருக்குள் புகுந்து விளையாடுகிறான், இப்போதே பிடுங்கி எறிகிறேன் என்று மூலைக்குப் போனார். அவள் தடுத்தாள். கேட்டால்தானே? சர்வர் இருந்த இரும்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒயரைத் துழாவினார்.

சர்வரின் உறுமல் நின்றது.

அலமாரி மெல்ல முன்பக்கம் சாய்ந்தது.

அவர் கை உள்ளேயே இருந்தது. பச்சை விறகு முறிகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முழங்கை போகக் கூடாத பக்கம் போய் மடங்கியது. ஒயரிலிருந்து நீலப் பொறி பறந்து சட்டைக் கை பற்றிக்கொண்டது. அவர் போட்ட கூச்சலில் தாழ்வாரம் முழுக்க ஓடி வந்தது. நான்கு பேர் சேர்ந்து அலமாரியைத் தூக்கினார்கள். தீயை அணைத்த பிறகும் அந்தக் கையிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது.

எல்லோரும் மீசையைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். அறையில் அவள் மட்டும் நின்றாள். கீழே பட்டறையில் இயந்திரங்கள் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவளுக்குத் தன் குறிப்பு ஞாபகம் வந்தது.

இல்லை, நான் திட்டவில்லையே, நல்லதுதானே எழுதினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தேடித் திறந்தாள். இன்னும் படிக்கப்படவில்லை. அப்பாடா என்று அதை அழிக்கப் போனாள். விரல் பொத்தானைத் தொடுவதற்குள் எழுத்தின் அடியில் பச்சை விழுந்தது.

மாணவர் படித்தார்.

படித்துவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது. அவள் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கீழே ஒவ்வொரு எழுத்தாக, புதிதாகத் தட்டச்சு பழகுகிறவன் அடிப்பதுபோல நிதானமாக, பதில் வந்தது.

'வரேன் அக்கா.'

அவள் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

பட்டறையின் கோடியில், லேத் முன்னால் தம்பி குனிந்து நின்றிருந்தான். அவள் கூப்பிட்டாள். இரைச்சலில் கேட்கவில்லை. முழங்கைவரை மடித்திருந்த அவன் சட்டைக் கை, பக்கத்தில் நின்ற யாரோ பிரித்து விடுவதுபோல, தானாக ஒவ்வொரு மடிப்பாக அவிழ்ந்து தொங்கியது. சுழன்றுகொண்டிருந்த இரும்பு அதைக் கவ்வியது.

அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அவள் பின்னால் இழுத்தாள். பட்டறை ஆசிரியர் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். நிற்கவில்லை. மெயின் சுவிட்சையே இறக்கினார். விளக்கெல்லாம் அணைந்தது. மற்ற இயந்திரங்கள் ஓய்ந்தன. அது மட்டும் சுற்றியது. துணி முறுக்கிக்கொண்டு அவன் கையை, தோளை, கடைசியில் தலையை உள்ளே இழுத்தது. நெற்றி இரும்பில் மோதி, மறுபடி மோதி, அவள் முகமெல்லாம் ரத்தம் சூடாகத் தெறித்தது.

"மேனேஜர்," என்றான் அவன். "விட்டுடாத."

அவள் விடவில்லை. சட்டை கிழிந்தது. இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். அதன் பிறகுதான் இயந்திரம் நின்றது.

தையல் போட்டார்கள், கட்டுப் போட்டார்கள். கை பிழைத்துவிட்டது, மண்டையோட்டில் விரிசல் இருந்தாலும் பையன் தப்பித்துவிட்டான் என்றார் டாக்டர். அவள் சோறு தண்ணீர் இல்லாமல் அந்தக் கட்டிலையே கட்டிக்கொண்டு கிடந்தாள். உடம்பு தேறி அவன் கண் திறந்த அன்று வார்டில் நல்ல வெயில். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடி பட்டதில்தான் பாசம் வந்திருக்கிறது போல என்று நினைத்து அவன் தலையைத் தடவினாள். கட்டின் மேலிருந்து கருகிய எண்ணெய் வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனை முறை துடைத்துவிட்டிருப்பார்கள்!

"என் பாடமெல்லாம் புதுசுக்கு வந்துடுச்சா அக்கா?" அவன் மெதுவாக, மரியாதையாகக் கேட்டான். "எல்லாத்துலயும் பூஜ்யம்தான். பரவாயில்ல. வீட்டுக்குப் போகலாம். நீங்கதானே வரச் சொன்னீங்க."

தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அவள் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, மடியில் வைத்துத் திறந்தாள். கடவுச்சொல் இரண்டு முறை தப்பிப்போனது. சோதனை மாணவனின் பக்கம் வந்தது. 'இப்போது இணைப்பில் இருக்கிறார்' என்றது. விடை எழுதும் பெட்டியில் வரிகள் இறங்கியிருந்தன.

'மேனேஜர், இங்க இருட்டா இருக்கு.'

'மேனேஜர், வாசல் எங்கேனு தெரியல.'

'நீ வரமாட்டியா?'

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழுமத்தின் வேறு ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து ஒரு ஆசிரியர் அந்தப் பெட்டியைச் சோதித்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம். 'சோதனை. முட்டாளே, உன் விரலை நசுக்கணும்' என்று ஒரு குறிப்பு வந்து விழுந்தது. பச்சையானது.

'மேனேஜர், யாரோ என் விரலை. ஐயோ. மேனேஜர்.'

"அது பழைய கணக்குக்கா." கட்டிலில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை அவள் கையின் மேல் வந்து அமர்ந்தது. அது பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. "நமக்கு எதுக்கு? அழிச்சுடுங்க."

அவள் விரலை 'கணக்கை அழி' என்ற பொத்தானை நோக்கி அவன் இழுத்தான். இருக்கிற பலமெல்லாம் கூட்டி அவள் எதிர்த்தாள். லேத்துக்கு எதிராக இழுத்ததும் இப்படித்தான் இருந்தது. அவள் சுண்டுவிரல் சொடக்கென்று ஒடிந்தது. வலியில் பார்வை மங்கியது. விரல் பொத்தானில் பட்டுவிட, 'நிச்சயமாக அழிக்கவா?' என்று திரை கேட்டது. வேறு வழி தெரியாமல் அவள் குனிந்து அந்த மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். ரத்தம் வாயில் நிறைந்தது. எண்ணெய்ச் சுவை.

அவன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அன்பாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் புதிதாக ஒரு வரி இறங்கியது.

'கடிக்காத மேனேஜர். வலிக்குது.'

அவள் பல்லைத் தளர்த்தினாள். அவன் பிடியைத் தளர்த்தவில்லை.